அருளம்பலத்தின் மகன்

அத்தியாயம் 11

சுளகில் கிடந்த காத்தோட்டிக்காயைக் கதிரவேலர் கண்டுவிட்டதுதான் அன்றைய வில்லங்கம் முழுவதற்கும் காரணம்.

அதற்குப் பொறுப்பாளி பராசக்தியேதான். இந்த வருடம் ஆடி அமாவாசை விரதம் பிடிக்க வீட்டில் ஆளில்லை என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், முதல் நாள் சுன்னாகம் சந்தைக்குப் போனவள் பழக்கதோஷத்தில் ஒரு கூறு வாங்கிவிட்டாள். இணுவிலுக்கு மருமகளாக வந்த காலம் தொடக்கம் இந்த நாளுக்கு அந்தக் கசப்புக் காய் இல்லாமல் அவள் சமைத்ததில்லை. வாங்கியதுதான் வாங்கினாள், குசினிக்குள் ஒளித்து வைத்திருக்கலாம். கொண்டுவந்து விறாந்தையில், கணவருடைய சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்தில், சுளகோடு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இந்த மனுசனின் கதை உங்களுக்குத் தெரியும். இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சாதாரணத் தடிமன், சளி என்று தொடங்கி, நிமோனியாவாக முற்றி, ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காக வென்டிலேற்றரில் கிடந்தவர் கதிரவேலர். ஊரில் பாதிப் பேர் அவர் போய்விட்டார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். நெடுநாள் மிசினில் கிடந்ததால் தொண்டையில் துளை போட்டுத்தான் மூச்சுக் கொடுத்தார்கள். அந்தக் குழாயையும் கழற்றி, ஆளை வீட்டுக்கு அனுப்பி, மனுசன் தன் கதிரையில் வந்து சாய்ந்தபோது பராசக்தி கிணற்றடிக்குப் போய் ஒரு மூச்சு அழுதாளே, அதோடு போன கிழமை நிறுத்தினோம்.

இப்போது துளை மாறி, மூடிக்கொண்டு வருகிறது. மேலே துணி வைத்து ஒட்டியிருக்கிறது. பேசுவதென்றால் அதை விரலால் பொத்திக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் சொல் வாய்க்கு வருமுன் காற்று கழுத்தாலேயே போய்விடும். வந்த அன்று கதிரவேலர் பொத்திப் பார்த்தார். ஒரு கீச்சுச் சத்தம் வந்தது. அது தன்னுடைய குரலா என்று திகைத்துப் போய்க் கையை எடுத்தவர்தான், அதற்குப் பிறகு தலையாட்டலும் உதட்டு முணுமுணுப்பும் மட்டுமே. தோட்டத்தின் அந்தத் தொங்கல் முனையில் நின்று தண்ணீர் மாற்றச் சொல்லிக் கூப்பிட்டால் றோட்டில் போகிறவன் திரும்பிப் பார்க்கிற தொண்டை அது.

குரல் போனதைக்கூடப் பராசக்தி பொறுத்துக்கொண்டாள். சாப்பாடுதான் அவளுடைய உயிரை வாங்கியது. எதை வாயில் வைத்தாலும் அவருக்கு இரும்பை நக்கின மாதிரி இருக்கிறதாம். கஞ்சி இரும்பு, மசித்த வாழைப்பழம் இரும்பு, அவள் பார்த்துப் பார்த்து வைத்த முருங்கையிலைச் சாறும் இரும்பு. நாலு கரண்டியோடு வாயை மூடிவிடுவார். மறுநாள் கிளினிக். நிறை இன்னும் குறைந்திருந்தால் மூக்கால் குழாய் விட்டுத்தான் சாப்பாடு கொடுக்கவேண்டி வரும் என்று டொக்ரர் கையை விரித்துச் சொல்லியிருந்தார்.

அந்தக் குழாயின் பெயரைக் கேட்டாலே மனுசனுக்குக் கை நடுங்கும். ஆஸ்பத்திரியில் அதை இழுத்து எறிந்துவிடுவார் என்று கையைக் கட்டி வைத்திருந்தார்கள். கட்டின கையோடு அவர் தன்னைப் பார்த்த பார்வையை இன்னொரு முறை பார்க்கத் தன்னால் ஏலாது என்று பராசக்திக்குத் தெரியும்.

அதனால்தான் அன்று காலை, கஞ்சியும் கரண்டியுமாக வந்தவள் குழைந்து குழைந்து கேட்டாள்.

"ஒரு கரண்டி. நாடியைக் கீழை பதிச்சு மெல்லமா விழுங்குங்கோ. அவ்வளவுதான்."

கதிரவேலர் முகத்தைத் திருப்பினார். எலும்பாகிப் போன விரலால் சுளகைக் காட்டினார். உதடு அசைந்தது.

"விரதம்."

பராசக்திக்கு வந்த கோபத்துக்குக் கஞ்சிக் கோப்பையே ஆடியது.

"அப்ப இவ்வளவு நாளும் பிடிச்சது என்ன? ஒவ்வொரு நேரமும் நான் தெண்டிச்சுத் தெண்டிச்சுக் கரண்டியாலை தீத்த, வாயைப் பூட்டிக்கொண்டு இருந்தது விரதமில்லையோ?"

சத்தம் கேட்டு மகள் தர்சினி வந்தாள். பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டுத் தகப்பனுக்குத் துணி மாற்றுவதும் பிடித்து நடத்துவதுமாக நிற்கிறவள். ஆசிரியை அல்லவா, அவளுக்குக் கோபம் வராது, விளக்கம்தான் வரும்.

"அப்பா, நாளைக்குக் கிளினிக். இண்டைக்குச் சாப்பிடாமல் இருந்தால் நிறை இன்னும் இறங்கும். பிறகு மூக்கிலை குழாய் போடுவினம். உங்களுக்குத் தெரியும்தானே?"

கதிரவேலர் மூக்கைக் கையால் பொத்திக்கொண்டார். ஆனால் கஞ்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"ஐயாவுக்குச் செய்யாமல்... சாப்பிடமாட்டன்."

ஐயா என்றால் அவருடைய தகப்பன் அருளம்பலம். அவர் காலமான வருடம் தொடக்கம் ஆடி அமாவாசைக்குக் கதிரவேலர் கடலோரக் கீரிமலைக்குப் போய்க் கேணியில் முழுகி, ஐயர் முன்னால் இருந்து எள்ளும் தண்ணீரும் இறைக்காமல் விட்டதில்லை. சண்டை நடந்து பாதை பூட்டியிருந்த காலத்தில்கூட, கீரிமலை இல்லாவிட்டால் வேறு கடல் இல்லையா என்று சைக்கிள் உழக்கிக்கொண்டு போனவர். வந்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகுதான் வாயில் தண்ணீர் படும்.

"தொண்டையிலை ஓட்டையோடை கீரிமலைக்கோ?" என்றாள் பராசக்தி. "அந்தச் சனத்துக்கையும் புழுதிக்கையும்? தண்ணி ஒரு சொட்டு உள்ளுக்கை போனாலும் திரும்ப ஆஸ்பத்திரிதான். அடுத்த வருசம் பாப்பம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சு முடிந்தது என்று அதற்கு அர்த்தம். வாய் இருந்த காலத்திலும் அவர் அப்படித்தான் முடிப்பார்.

பராசக்தி கஞ்சியைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்தாள். தர்சினி பின்னால் போனாள். தாயும் மகளுமாக அங்கே நின்று மனுசனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்த நேரத்தில், மூத்தவன் மயூரதன் எழும்பி வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கனடாவில் இருந்து, தகப்பன் மிசினில் கிடக்கிறார் என்று கேட்டு ஓடி வந்தவன் இன்னும் நிற்கிறான். இருவரும் என்னவோ குசுகுசுத்தார்கள். தகப்பன் தலையாட்டினார்.

"அம்மா, பெற்றோல் அடிச்சுக்கொண்டு வாறன்," என்று மோட்டார் சைக்கிளை எடுத்தான் மயூரதன்.

பெற்றோல் அடிக்கப் போனவனை வெகுநேரமாகக் காணவில்லை. தர்சினிதான் முதலில் கவனித்தாள்.

"அம்மா, கொடியிலை கிடந்த அப்பான்ரை வெள்ளை வேட்டி சால்வையைக் காணேல்லை."

பராசக்தி விறாந்தைக்கு வந்து கணவரின் முகத்தைப் பார்த்தாள். கண் மூடித்தான் இருந்தது. ஆனால் கள்ளத்தூக்கம் எது, உண்மைத் தூக்கம் எது என்று அவளுக்குத் தெரியாதா?

"இஞ்சருங்கோ. பெடியனை எங்கை அனுப்பினியள்?"

ஒரு கண் திறந்தது.

"கீரிமலை."

"என்னத்துக்கு?"

"ஐயாவுக்கு... அவன் செய்வான். பிறகு... சாப்பிடுறன்."

அந்த வீட்டில் அவளுடைய மாமியார் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. தகப்பன் இருக்கிறவன் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைப் பக்கமே தலைவைத்துப் படுக்கக்கூடாது. காத்தோட்டிக்காய்க் கறியைத் தொடவும் கூடாது. அதனால்தான் மயூரதனை ஒரு நாளும் அங்கே கூட்டிப்போனதில்லை. கூட்டிப்போகாததால் அவனுக்குச் சட்டமும் தெரியாது. படிக்கிற வயதிலேயே கனடாவுக்குப் போனவன், தகப்பன் சாப்பிடட்டும் என்ற ஒரே நினைப்பில் வேட்டியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"தகப்பன் உசிரோடை இருக்கேக்கை மகன் போய் எள்ளுத்தண்ணி இறைக்கிறதோ? உங்களுக்குமோ இது தெரியாது?"

"தெரியும்," என்றது உதடு. "பிதிர்க் கடன்... பெரிசு."

யமனோடு கயிறு இழுத்து, கை உரிந்து, ஆளை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள். இவர் என்னவென்றால் மகனைக் கொண்டே தன் பெயருக்குத் தண்ணீர் தெளிக்க வழி பார்க்கிறார். பராசக்திக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"பிள்ளை, அண்ணைக்குப் போன் அடி. கெதியா அடி."

தர்சினி அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். மூன்றாம் முறை எடுத்தான். பராசக்தி போனைப் பறித்து, "தம்பி" என்றாள். பின்னால் ஒரே சனச் சத்தம், மணிச் சத்தம்.

"அம்மா, பிறகு எடுக்கிறன். ஐயர் அப்பான்ரை பேர் கேக்கிறார்."

"சொல்லாதை," என்று பராசக்தி போட்ட சத்தத்தில் முற்றத்துக் கோழிகள் சிதறின. "தம்பி, வாயைத் திறவாதை. எழும்பு. அப்பா இருக்கேக்கை நீ உதிலை இருக்கக்கூடாது. எழும்பு எண்டுறன்."

அந்தப் பக்கம் போன் கைமாறுகிற சரசரப்புக் கேட்டது. பிறகு வேறொரு குரல், வயதான குரல், போனில் வந்தது.

"ஆர் கதைக்கிறது?"

"நான் உந்தப் பெடியன்ரை தாய், ஐயா. இவன்ரை தேப்பன் இருக்கிறார். இஞ்சை கதிரையிலை இருக்கிறார்."

"சரியாப் போச்சு," என்றார் ஐயர். அவர் மயூரதனைப் பார்த்துக் கதைப்பது கேட்டது. "தம்பி, தகப்பன் இருக்கிறார் எண்டு முதலே சொல்லவேண்டாமோ? வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையிலை இருந்தால் நான் என்னெண்டு கண்டுபிடிக்கிறது?"

"அப்பாவுக்கு ஏலாது ஐயா," என்ற மயூரதனின் குரல் உடைந்திருந்தது. "இது செய்தால்தான் சாப்பிடுவாராம். சாப்பிடாட்டி நாளைக்குத் திரும்பக் குழாய் போடுவினம். எனக்கு வேற வழி தெரியேல்லை."

அதைக் கேட்டபோது பராசக்திக்கு மகன்மேல் இருந்த கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. தான் பயப்படுகிற அதே குழாய்க்குத்தான் அவனும் பயந்து ஓடியிருக்கிறான். பாவம், பிள்ளை.

தர்சினி போனை வாங்கினாள்.

"ஐயா, ஒண்டு கேக்கட்டே? வீடியோவிலை நீங்கள் சொல்லச் சொல்ல, அப்பா இஞ்சை இருந்து தன்ரை கையாலை செய்தால் பிழையோ?"

"என்ன பிழை? பாதை பூட்டியிருக்கேக்கை சனம் கிணத்தடியிலை வைச்சுச் செய்யேல்லையோ? இப்ப லண்டனிலை இருந்தே உப்பிடிச் செய்யினம். தட்டமும் எள்ளும் தண்ணியும் எடுங்கோ. தர்ப்பைக்கு இரண்டு அறுகம்புல்லுப் புடுங்குங்கோ. மற்றதெல்லாம் நான் சொல்லுவன். ஆனால் ஒண்டு. தகப்பன்ரை பேரை மட்டும் மகன்தான் தன்ரை வாயாலை சொல்லவேணும். எனக்குக் கேக்கவேணும்."

பராசக்தியும் தர்சினியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயில்லாத மனுசனிடம் ஐயர் கேட்கிற வரத்தைப் பாருங்கள்.

ஆனால் கதிரவேலர் கதிரையில் நிமிர்ந்துவிட்டார். தோளில் துவாய்த் துண்டைப் போடச் சொல்லிக் கை காட்டினார். தர்சினி முக்காலியில் போனைச் சாய்த்து வைத்தாள். சின்னத் திரையில் நரைத்த தாடியோடு ஐயர் தெரிந்தார். அவருக்குப் பின்னால் வெள்ளை வேட்டிகள், அதற்கும் பின்னால் ஒரு துண்டுக் கடல். போனைப் பிடித்துக்கொண்டு நின்ற மயூரதனின் பெருவிரல் திரையின் ஒரு மூலையை மறைத்திருந்தது.

ஐயர் மந்திரம் சொன்னார். கதிரவேலர் எள்ளை எடுத்தார். கை நடுங்கி, பாதி மடியில் கொட்டியது. பராசக்தி அவருடைய மணிக்கட்டுக்குக் கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினாள். தண்ணீரை அவள் வார்க்க வார்க்க, அது அவருடைய விரல்களால் வழிந்து தட்டத்தில் விழுந்தது.

"இப்ப பேர்," என்றார் ஐயர்.

கதிரவேலர் விரலைத் தொண்டையில் வைத்துப் பொத்தினார். வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

"கேக்கேல்லை."

திரும்பவும் பொத்தினார். இந்த முறை கீச்சென்று ஒரு சத்தம் வந்து இருமலாக மாறியது. நெஞ்சு குலுங்கக் குலுங்க இருமினார். முகம் கறுத்துப் போனது. தர்சினி முதுகைத் தடவினாள். போதும், நிறுத்துங்கோ என்று சொல்லப் பராசக்தி வாயெடுத்தாள். அவர் கையைத் தூக்கி அவளை மறித்தார்.

ஐயர் அவசரப்படவில்லை. சுற்றிவர ஆயிரம் பேர் காத்திருக்க, அவர் திரையில் அப்படியே இருந்தார்.

"ஆறுதலாச் சொல்லுங்கோ. அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்."

கதிரவேலர் மூச்சை உள்ளே இழுத்தார். விரல் வழுக்காமல் இருக்கப் பராசக்தி தன் விரலையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். அவளுடைய விரலுக்குக் கீழே ஏதோ அதிர்ந்தது.

"அரு... ளம்பலம்."

துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் திருகின மாதிரித்தான் இருந்தது. ஆனால் குரல். சொல். அவருடைய சொல். கீரிமலையில் மயூரதன் கண்ணைத் துடைக்கப் போய்த் திரை ஆடியது. தர்சினி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நல்லாக் கேட்டுது," என்றார் ஐயர். "இனித் தண்ணியை விடுங்கோ."

பராசக்தி தண்ணீரை விட்டாள். கண்ணீரும் கூடவே விழுந்தது. அவள் துடைக்கப் போகவில்லை. சந்தோசம் என்றால் இதுதான் சந்தோசம் என்று அவளுக்கு அந்தக் கணத்தில் பட்டது.

அதற்குப் பிறகு குசினி பறந்தது. காத்தோட்டிக்காயைப் பிளந்து, விதையை வழித்து, தேங்காய்ப்பாலில் அவித்துக் கறியாக்கி, குழைந்த சோற்றோடு கட்டியில்லாமல் மசித்தாள் பராசக்தி. தர்சினி காகத்துக்குச் சோற்றை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனாள். அவள் அங்கே நின்று "கா, கா" என்று கூப்பிடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. ஆடி அமாவாசைக் காகத்துக்கு ஊரெல்லாம் சாப்பாடு. இலேசில் வராது.

அது வந்து தொட்ட பிறகு, பராசக்தி முதல் கரண்டியை நீட்டினாள். கதிரவேலர் நாடியைப் பதித்து விழுங்கினார். ஒரு தரம் விழுங்கி, இன்னொரு தரம் விழுங்கினார். முகம் சுளித்தது. இதுவும் இரும்புதானா?

அவர் விரலைப் பொத்தினார்.

"கைக்குது."

"என்ன?"

"கைக்குதடி. நல்லாக் கைக்குது."

கசப்புக் காய் கைக்காமல் இனிக்குமா? ஆனால் பராசக்தி அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன நாளுக்குப் பிறகு அந்த நாக்கு ஒரு ருசியின் பெயரைச் சொன்னது அதுதான் முதல்முறை. அடுத்த கரண்டியும் போனது. அதற்கடுத்ததும் போனது. கோப்பை பாதியான இடத்தில் கையால் மறித்துவிட்டார்.

"இன்னும் கொஞ்சம். நாளைக்குத் தராசிலை ஏறவேணும்."

"பெடியன் வரட்டும்," என்றார், விரலை எடுக்காமல். வந்த குரலை விட மனமில்லை அவருக்கு. "அவனோடை ஒரு கதை இருக்கு."

"என்ன கதை?"

"வேப்பமரத்துக்குக் கீழை நிண்டு போனிலை கனடாவோடை கதைக்கிறான். எனக்கு வாயில்லை எண்டவுடனை, காதும் இல்லை எண்டு எல்லாரும் நினைச்சிட்டியள்."

பராசக்தி முற்றத்தைத் திரும்பிப் பார்த்தாள். வேப்பமரம் அந்தக் கதிரைக்கு நேரேதான் நிற்கிறது.

"என்ன கதைச்சவன்?"

"அவன்தான் சொல்லவேணும்." மூச்சு வாங்கிக்கொண்டார். பிறகு அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். "மிசினிலை கிடக்கேக்கையும் இடைக்கிடை கேட்டது. நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டனி."

பராசக்தியின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

கல்யாணம் முடித்த நாள் தொடக்கம் அவர் அவளுக்கு 'இஞ்சருங்கோ'தான். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் புருசன் பெயரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிற மகளின் முகத்தைப் பார்ப்பாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாள், மயக்க மருந்தைக் குறைத்தும் அவர் முழிக்காமல் கிடந்தபோது, நேர்ஸ் பிள்ளை சொன்னாள், "அம்மா, பழகின குரலிலை பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கோ." பராசக்தி திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, மிசினின் சத்தத்துக்கு மேலால் கூப்பிட்டாள். ஒரு தரமல்ல, தொண்டை நோகும்வரை கூப்பிட்டாள். அதைப் பெற்ற மகளுக்குக்கூட அவள் சொன்னதில்லை.

"நான் ஏன் கூப்பிடுறன்? அது நேர்ஸ் பிள்ளையா இருக்கும்."

"நேர்ஸ் பிள்ளை 'அப்பா' எண்டெல்லோ கூப்பிடுறவ." அவருடைய கண் சிரித்தது. "ஆரது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது எண்டு பாக்கத்தான் கண்ணைத் திறந்தனான்."

பராசக்தி கரண்டியைச் சோற்றில் விட்டுக் கிளறினாள்.

"சாப்பிடுங்கோ. ஆறுது."

"இன்னொருக்கால் கூப்பிடு. மிச்சத்தையும் சாப்பிடுறன்."

"உங்களுக்கு விசரே?"

அவர் வாயை மூடிக்கொண்டார். கண்ணையும் மூடிக்கொண்டார். அந்த மூடலை அவளுக்குத் தெரியும். இனி யார் வந்தாலும் திறக்காது. கோப்பையில் பாதிச் சோறு கிடந்தது. விடிந்தால் கிளினிக்.

பராசக்தி திரும்பிப் பார்த்தாள். தர்சினி பின்வளவில்தான் நின்றாள். விறாந்தையில் வேறு ஒருவரும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கணவரின் காதுக்குக் கிட்டக் குனிந்தாள்.

"கதிரவேலு," என்றாள். "வாயைத் திறவும்."

கதிரவேலர் வாயைத் திறந்தார். வெளியே படலையடியில் மயூரதனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.